பாய்மரப் படகுத் தனிப்பாடம்: நியாயமான கட்டணம் எப்படி வருகிறது?

"ரெண்டு மணி நேரத்துக்கு நாலாயிரத்து இருநூறா? காத்து சும்மாதானே சார் அடிக்குது?"

போன கோடை விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அப்பா, பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் என்னிடம் கேட்டது இது. சண்டைக்கு நின்று கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பெண்ணுக்குப் பதினான்கு வயது. நம் சென்னையின் நேத்ரா குமணன் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பாய்மரப் படகு ஓட்டியதிலிருந்து அவளுக்கு இந்த ஆசையாம். எனக்கோ அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல வரவில்லை.

அதே மாதம் இன்னொரு பேச்சு. எனக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு வந்த தம்பி ஒருவர், பாடத்துக்கு 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க ஆட்கள் வந்தார்கள். ஆனால் கிழிந்த பாயை மாற்றக் கையில் காசில்லை. "ஆள் வராம இல்லண்ணே. வர்ற காசு எங்க போகுதுன்னுதான் தெரியல" என்றார்.

கூடுதல் என்று நினைத்தவரும் குறைவாக வாங்கியவரும் சறுக்கியது ஒரே இடத்தில். இருவரும் தண்ணீரில் மிதக்கும் இரண்டு மணி நேரத்தை மட்டும் பார்த்தார்கள். அவர்கள் இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இதில் வரும் ரூபாய்க் கணக்கு ஒரு மாதிரிக் கணக்கு. எண்களை அவரவர் நிலைமைக்கு மாற்றிக்கொள்ளலாம், போடும் முறை மாறாது.

முகூர்த்த நாளும் ஆட்டோ ரிட்டர்னும்

ஊருக்கு வெளியே ஆட்டோவில் போகிறோம். மீட்டருக்கு மேல் கேட்கிறார் ஓட்டுநர். ஏன் என்றால், "திரும்பி காலியா வரணும்ல" என்கிறார். நாம் ஏறியிருந்த தூரம் பத்து கிலோமீட்டர், அவருக்கு ஓடிய தூரம் இருபது. காலியாக ஓடிய பத்துக்கும் பெட்ரோல் எரிந்திருக்கிறது.

நாதஸ்வரக் கலைஞரின் கணக்கு இன்னும் பொருத்தம். முகூர்த்தத்துக்கு வந்து சில மணி நேரம் வாசிக்கிறார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாட்கள் எண்ணிக்கைக்குள்தான். அந்தச் சில நாட்களின் வருமானம் பன்னிரண்டு மாத அரிசிக்கும், வாத்தியத்தின் பராமரிப்புக்கும், தினசரி சாதகத்துக்கும் போதியாக வேண்டும். அவர் கேட்கிற தொகையை வாசித்த மணி நேரத்தால் வகுத்தால் பெரிதாகத் தெரியும். வருடத்தால் வகுத்தால் வேறு மாதிரித் தெரியும்.

பாய்மரப் படகு ஆசிரியருக்கு ஆடியும் மார்கழியும் கடலில் இருக்கின்றன. அதற்கு முன், படகு கரையில் சும்மா நின்றாலே என்ன செலவு என்று பார்த்துவிடலாம்.

நிற்கிற செலவு, ஓடுகிற செலவு

பாடம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வந்தே தீரும் செலவு நிலைச்செலவு. ஒவ்வொரு பாடத்துக்கும் புதிதாக வருவது மாறும் செலவு. வீட்டு வாடகையும் காய்கறியும் மாதிரி.

என் பாடப் படகு எண்டர்பிரைஸ் வகை. நீல நிறப் பாய் கட்டிய, சுமார் நான்கு மீட்டர் நீளமுள்ள, இருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகு, அதாவது டிங்கி. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956-இல் வடிவமைத்தது. ஆசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம் என்பதால் பெரியவர்களின் முதல் பாடங்களுக்கு இது வசதி. குழந்தைகளுக்கு என்றால் ஆப்டிமிஸ்ட், ஒரு பிள்ளை தனியாக ஓட்டும் குட்டிப் படகு.

பழைய எண்டர்பிரைஸ் ஒன்றை 3 லட்சத்துக்கு வாங்கி, எட்டு வருடம் ஓட்டி, 60,000-க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இடையில் கரைந்தது 2,40,000. வருடத்துக்கு 30,000. பொருள் உழைத்து மதிப்புக் குறைவதற்குப் பெயர் தேய்மானம். பில் எதுவும் வராத செலவு என்பதால் பலரும் இதை எழுதுவதே இல்லை. அந்தத் தம்பியின் நோட்டிலும் இது இல்லை.

பாய் தனிக் கணக்கு. வெயிலும் உப்பும் பாய்த்துணியின் எதிரிகள். புதுப் பாயைத் தட்டினால் காகிதம் மாதிரி சடசடக்கும். இரண்டு கோடை போனதும் பழைய வேட்டி போலத் தொளதொளத்துவிடும். கிழியாத பாயாகவே இருக்கும், ஆனால் காற்றைப் பிடிக்கும் வளைவு போயிருக்கும். அப்படிப்பட்ட பாயில் ஒரு புதியவருக்குச் சொல்லிக்கொடுத்தால், படகு ஏன் போகவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60,000 என்றால் வருடத்துக்கு 20,000.

கயிறு, கப்பி, சில்லறை ரிப்பேர் 24,000. படகு நிறுத்துமிட வாடகை மாதம் 5,000 வீதம் 60,000. காப்பீடு, உயிர்காப்பு உடை, முதலுதவிப் பயிற்சி 30,000. போன், போக்குவரத்து, விளம்பரம் 36,000. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 2 லட்சம்.

நிறுத்துமிடத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். சென்னைக் கரை நேராக அலை உடைகிற கரை, இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல் பயணிகளைக்கூட மசூலாப் படகில்தான் அலை தாண்டி ஏற்றி இறக்கினார்கள். டிங்கி பழக அமைதியான நீர் வேண்டுமென்றால் துறைமுகச் சுவர்களுக்கு உள்ளேதான். 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கே இருப்பதும் அதனால்தான். இடம் குறைவு, வாடகை கூடும்.

இனி மாறும் செலவு. ஒரு பாடத்துக்குப் பாதுகாப்புப் படகில் ஒருவர் வருகிறார், அவருக்கு 600. அந்த மோட்டார் படகுக்கு நான்கு லிட்டர் பெட்ரோல், சுமார் 400. ஆக 1,000.

விலையைக் குறைக்க நினைக்கிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த ஆயிரத்தைத்தான். அதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். நான்கு வருடம் முன்பு ஒரு மாலை, திடீரென்று வந்த வீச்சில் நானும் மாணவரும் இருந்த படகு கவிழ்ந்தது. கவிழ்வது பாடத்தின் ஒரு பகுதி, வழக்கமாக அதில் பெரிய ஆபத்து இல்லை. படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் படகு நிமிரும். அன்று நிமிரவில்லை. மாணவரின் கால் கயிற்றில் சிக்கியிருந்தது. நான் நீருக்குள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, படகு தலைகீழாகிவிடாமல் பாய்மரத்தின் நுனியைத் தூக்கிப் பிடித்திருந்தது பாதுகாப்புப் படகில் வந்த அண்ணன்தான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் ஒவ்வொரு பாடத்துக்கும் 1,000.

இதுவரை: படகு கரையில் நின்றாலே வருடத்துக்கு 2 லட்சம். தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் மேற்கொண்டு 1,000. ஆசிரியருக்கு இன்னும் ஒரு பைசா வரவில்லை.

ஆசிரியரின் கூலி எங்கிருந்து?

"உனக்குப் பிடிச்ச வேலைதானே, அதுக்கு என்ன கூலி?" இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் நண்பர்கள்தான். பாட்டு வாத்தியாருக்குப் பாட்டு பிடிக்கும். அதனால் அவர் வீட்டுக்கு மளிகைக்காரர் இலவசமாக அனுப்புவதில்லை.

கூலியை எதை வைத்துத் தீர்மானிப்பது? இந்த வேலைக்கு வராமல் இருந்தால் அதே ஆள் வேறு எங்கே எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பாருங்கள். விட்டுவந்த அந்த வருமானம்தான் வாய்ப்புச் செலவு. பத்து வருட அனுபவமும் உயிர்காக்கும் பயிற்சியும் உள்ள ஒருவருக்கு மாதம் 50,000 என்று வைக்கிறேன். வருடத்துக்கு 6 லட்சம்.

"நாளைக்கு ரெண்டு மணி நேர வேலைக்கு ஐம்பதாயிரமா?" என்று அடுத்து வரும். ஒரு பாடத்தைச் சுற்றி என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மாணவர் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்ப் பாய்மரத்தை நிறுத்திக் கயிறுகளைக் கோக்க வேண்டும், சுக்கானை மாட்ட வேண்டும், படகின் பின்புறத்து நீர்த்துளைக்கு அடைப்பு போட வேண்டும். அந்தக் கட்டைவிரல் அளவு அடைப்பை மறந்தால் படகு மெல்ல நீர் குடித்துக் கனத்துப்போகும். பிறகு கரையில் அரை மணி நேரப் பாடம், தண்ணீரில் இரண்டு மணி நேரம். மாணவர் போன பிறகு பாயையும் கயிறுகளையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து மடிக்க முக்கால் மணி. இரண்டு மணி நேரப் பாடம், நான்கு மணி நேர வேலை.

வருடத்துக்கு 250 பாடம் என்றால் இதுவே 1,000 மணி. வாரம் ஒரு நாள் ரிப்பேர், சுமார் 300 மணி. விசாரிப்பவர்களுக்குப் பதில், நேரம் மாற்றுவது, வானிலை பார்த்துத் தகவல் சொல்வது இன்னொரு 300. காற்றுக்காகக் காத்திருந்து பாடம் ரத்தான நாட்களில் போனது 90 சொச்சம். மொத்தம் ஏறத்தாழ 1,700 மணி. 6 லட்சத்தை அதால் வகுத்தால் மணிக்கு 350 ரூபாய் அளவில்தான் வருகிறது.

வகுக்கும் எண்தான் விலையைத் தீர்மானிக்கிறது

250 எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நிதானமாகப் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர், ஒரு நாளைக்கு இரண்டு பாடம், வருடத்துக்கு 300 நாள், ஆக 600 பாடம் என்று மனக்கணக்குப் போடுகிறார். நிலைச்செலவு 2 லட்சம், கூலி 6 லட்சம், ஆக 8 லட்சத்தை 600-ஆல் வகுத்தால் 1,333. மாறும் செலவு 1,000 சேர்த்தால் 2,333. தம்பி அதற்கும் கொஞ்சம் கீழே, 2,000 என்று வைத்துவிட்டார்.

கடல் 600 தராது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. மழை, புயல் சின்னம், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு. அங்கே இங்கே ஒரு நல்ல நாள் கிடைத்தாலும் முன்கூட்டி நம்பிப் பதிவு செய்ய முடியாது. அதனால் பத்து வாரத்தைக் கழித்தால் மிச்சம் 42.

மிச்ச வாரங்களிலும் கடல் நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கோடையில் நிலம் சூடேறி, நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். பாடத்துக்கு அதைப்போல நல்ல காற்று வேறு கிடையாது, சீராக, ஒரே திசையில் வீசும். ஜூனில் மேற்குக் காற்று வலுத்துவிட்டால் இந்தக் கடற்காற்று தாமதமாகும், சில நாள் வரவே வராது. காலையில் கரையிலிருந்து வரும் காற்று பல நாள் ஒன்பது மணிக்குள் செத்துவிடும். காற்று மணிக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கீழே போனால் பாடத்துக்குப் போதாது. முப்பதைத் தாண்டினால் புதியவரை நான் ஏற்றமாட்டேன்.

ஆட்களும் தினமும் வருவதில்லை. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள். சனி, ஞாயிறு சேர்த்து நான்கு பாடம், வார நாட்களில் மூன்று. வாரம் ஏழு, 42 வாரத்துக்கு 294 பதிவு. அதில் பதினைந்து சதவீதம் காற்றால் போய்விடும் என்றால் நடக்கிறது 250.

இப்போது 8 லட்சத்தை 250-ஆல் வகுத்தால் 3,200. ஒரு பாடத்தின் செலவு 1,000 சேர்த்தால் 4,200. வரவும் செலவும் கூலியும் சரிக்குச் சரி நிற்கிற இந்த இடத்துக்குப் பெயர் சமன்புள்ளி. அந்த அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

தம்பியின் கதையும் இதில் விடுபடும். 2,000 வீதம் 250 பாடத்துக்கு 5 லட்சம் வரவு. பெட்ரோலுக்கும் ஆளுக்கும் 2,50,000. நிலைச்செலவு 2 லட்சம். கையில் மிஞ்சுவது 50,000, மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. அதிலும் தேய்மானத்தை ஒதுக்காமல் சாப்பிட்டுவிட்டதால் புதுப் பாய்க்குப் பணம் இல்லை.

சுருக்கமாக: செலவைத் துல்லியமாக எழுதிவிட்டு, பாடங்களின் எண்ணிக்கையைக் கனவில் எடுத்தால் விலை பொய்யாகிவிடும். மேலே உள்ள தொகையைவிடக் கீழே உள்ள வகுக்கும் எண்ணில்தான் அதிகத் தவறு நடக்கிறது.

காற்று இல்லாத நாளின் நஷ்டம் யாருக்கு?

மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஆசிரியர்கள் தெரியாமலே தவறு செய்யும் இடமும் இதுதான்.

4,200 என்ற விலையில், பதிவாகியும் காற்றால் நடக்காமல் போகும் 44 பாடங்களின் நஷ்டம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நடந்த 250 பாடங்கள் நடக்காத 44-ஐயும் சுமக்கின்றன. அப்படியிருக்க, காற்றில்லாமல் பாடம் ரத்தான நாளுக்கும் ஆசிரியர் காசு கேட்டால், ஒரே நஷ்டத்துக்கு இரண்டு முறை வாங்குகிறார் என்று பொருள்.

வேறொரு முறையும் நேர்மையானதுதான். பதிவு செய்த 294 பேரும் காற்று வந்தாலும் வராவிட்டாலும் தருவது. அப்போது வருடத் தேவையான 10,50,000-ஐ (8 லட்சமும், நடக்கும் 250 பாடங்களின் மாறும் செலவும்) 294-ஆல் வகுத்தால் சுமார் 3,570. விலை குறைகிறது, காற்றின் நஷ்டத்தை மாணவர் ஏற்கிறார். இரண்டில் எது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 4,200-ம் வாங்கிக்கொண்டு, காற்று வராத நாளுக்கும் வாங்குவதுதான் அநியாயம்.

எனக்கு முதல் முறையே பிடிக்கும். வானத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஆசிரியர், வராமல் போகிற காற்றின் பாரத்தை அவர்தான் சுமக்க வேண்டும். ஆனால் மாணவர் காரணமே சொல்லாமல் கடைசி நேரத்தில் வராமல் போனால் கதை வேறு. அது காற்றின் குற்றமில்லை. முந்தைய நாளே சொன்னால் ஒன்றும் வேண்டாம், அன்று காலையில் சொன்னால் பாதி என்பது என் வழக்கம்.

மாணவர் எதற்குக் காசு தருகிறார்?

இதுவரை பார்த்தது விலையின் தரை. கூரை ஒன்று இருக்கிறது, அது மாணவருக்குக் கிடைக்கும் பயன். ஆசிரியருக்கு 4,200 ஆகிறது என்பதற்காகவே அந்தப் பாடம் 4,200 பெறும் என்று ஆகிவிடாது.

பயனை அளக்க நான் பார்ப்பது ஒன்றுதான். சுக்கான் மாணவர் கையில் எவ்வளவு நேரம் இருந்தது? பாய்மரம் ஓட்டுவது காதால் கேட்டு வருகிற வித்தையில்லை. படகின் முன்முனையான அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பும்போது பாய் ஒரு நொடி படபடத்து, மறுபக்கம் நிறைந்து, கைக்குள் இருக்கும் சுக்கான் பிடி லேசாக இழுக்கும். அந்த இழுப்பு கைக்குப் பழக வேண்டும். நான்கு பேர் ஒரே படகில் குழுவாகக் கற்றால் இரண்டு மணி நேரத்தில் ஒருவருக்கு அரை மணி. தலைக்கு 1,400 என்றாலும் சுக்கான் பிடித்த ஒரு மணிக்கு 2,800 ஆகிறது. தனிப்பாடத்தில் 4,200-க்கு இரண்டு மணி முழுக்க, மணிக்கு 2,100.

உடனே தனிப்பாடம்தான் எல்லோருக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆப்டிமிஸ்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் படகு, சுக்கான் எப்போதும் அவரவர் கையில். அங்கே குழு வகுப்புதான் மலிவு, பிள்ளைகளுக்கு உற்சாகமும் அதில்தான். அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணையும் முதலில் குழு வகுப்புக்கே போகச் சொன்னேன். தனிப்பாடம் ஒரு குறிப்பிட்ட தடங்கலைத் தாண்ட வேண்டியவருக்கு, தண்ணீர் பயம் உள்ளவருக்கு, வார நாளில் மட்டும் நேரம் உள்ளவருக்கு நன்றாகப் பொருந்தும்.

"கிளப்பில் குறைவாச்சே" என்பதற்கும் இங்கேயே பதில். கிளப்பில் படகும், நிறுத்துமிடமும், பாதுகாப்புப் படகும் உறுப்பினர் சந்தாவிலிருந்து வருகின்றன. அங்கே ஆசிரியருக்குத் தருவது அவர் கூலியை மட்டும்.

தள்ளுபடி எப்போது நியாயம்?

ஆட்டோவுக்குத் திரும்பி வருவோம். காலியாகத் திரும்பும் வண்டியில் வழியில் ஒருவர் கை காட்டினால் பாதிக் காசுக்கும் ஏற்றிக்கொள்வார். எப்படியும் வரப்போகிற வண்டி. அதுபோல, ஆளில்லாத செவ்வாய்க்கிழமை மதியத்தை 3,000-க்குத் தரலாம். 1,000 செலவு போக 2,000 நிலைச்செலவுக்கும் கூலிக்கும் சேரும், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் சனிக்கிழமைக்காரர்களும் செவ்வாய்க்கு மாறிவிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். அதனால் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று எல்லை வைத்துக்கொள்வது அவசியம்.

ஆறு பாடம் சேர்த்து எடுப்பவருக்குக் கொஞ்சம் குறைப்பதும் சரிதான். விசாரணை, நேரம் ஒதுக்கும் வேலை மிச்சமாகிறது. மீனவர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நான் குறைக்கிறேன், அதை எல்லோரிடமும் வெளிப்படையாகவே சொல்கிறேன். வாடைக் காற்றும் கொண்டல் காற்றும் அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். இந்தப் படகு மட்டும்தான் புதிது.

வந்திறங்கிய காரைப் பார்த்து விலை சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. "பணக்காரர் விளையாட்டு, கொடுப்பாங்க" என்ற பேச்சு இந்தத் தொழிலில் சகஜம். ஒரே படகு, ஒரே கடல், ஒரே இரண்டு மணி நேரம் என்றால் ஒரே விலைதான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அப்போது கட்டணத்தின் மேல் வரி ஏறும். அது எல்லோருக்கும் பொது.

வருட முடிவில் ஒரு வேலை

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். பதிவான பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: தேதி, காற்று, நடந்ததா, நடக்கவில்லை என்றால் ஏன். ஜனவரியில் நடந்த வரிகளை எண்ணுவேன். போன வருடம் 250 என்று நினைத்திருந்தது 231-இல் நின்றது. வகுக்கும் எண் மாறினால் விலையும் மாற வேண்டும்: 8 லட்சத்தை 231-ஆல் வகுத்து 1,000 சேர்த்தால் சுமார் 4,460. அவ்வளவையும் மாணவர் தலையில் ஏற்ற மனம் வரவில்லை. ரத்தான நாட்களைப் புரட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் காலைப் பாடங்கள். இந்த வருடம் காலை எட்டு மணிப் பாடத்தை நிறுத்திவிட்டு, கடற்காற்று வரும் இரண்டு மணிக்கு மாற்றியிருக்கிறேன். விலை 4,200-லேயே இருக்கிறது.